கார்பன் குறைந்த கட்டடங்கள்: படிப்பு, ஆய்வு, வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகளை என்னிடம் கேட்பவர்கள் இரண்டு ரகம். பிள்ளையை ஆர்கிடெக்சரில் சேர்ப்பதா, சிவிலில் சேர்ப்பதா என்று குழம்பும் பெற்றோர் ஒரு பக்கம். மனை வாங்கிவிட்டு, வானம் தோண்டும் முன் யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இருவருக்கும் சொல்ல வேண்டிய பதில் நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. அதனால் சேர்த்தே எழுதிவிட்டேன்.

கார்பன் குறைந்த வீடு என்றால் மொட்டைமாடியில் சோலார் பேனல் வைத்த வீடுதானே?

பாதி சரி. ஒரு வீட்டால் கார்பன் இரண்டு கட்டமாக வெளியேறுகிறது. குடியிருக்கும்போது ஃபேன், ஏசி, மோட்டார் வழியாகப் போவது ஒன்று. கட்டும்போதே சிமெண்ட், கம்பி, செங்கல் வழியாகப் போய்விடுவது இன்னொன்று. சோலார் பேனல் முதலாவதைத்தான் குறைக்கும். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி என்பது நம்மூர் காண்ட்ராக்டர்களின் வாய்க்கணக்கு. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். கம்பி 4 டன். எதுவும் கலக்காத சிமெண்ட்டில் டன்னுக்குச் சுமார் 0.8 டன் கார்பன் டை ஆக்சைடு. இந்தியாவில் தயாராகும் இரும்பில் சராசரியாக டன்னுக்கு 2.5 டன், பழைய இரும்பை உருக்கியதா, தாதுவிலிருந்து எடுத்ததா என்பதைப் பொறுத்து இது மாறும். ஆக சிமெண்ட்டுக்கு 16, கம்பிக்கு 10, மொத்தம் 26 டன். செங்கல், டைல்ஸ், லாரி வாடகை வழியாகப் போன டீசல் எதையும் நான் சேர்க்கவில்லை.

அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் கரண்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,600 யூனிட். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ. வருடத்துக்கு 2.6 டன் வருகிறது. அதாவது, புது வீட்டில் பால் காய்ச்சும் முன்பே பத்து வருடக் கரண்ட்டுக்கான கார்பன் போயாகிவிட்டது.

இதனால்தான் இந்தத் துறையில் இருப்பவர்கள் பேனலைவிட கான்கிரீட்டைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

சிமெண்ட் ஆலையையே சோலாரில் ஓட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. சிமெண்ட்டின் கார்பனில் பெரும்பகுதி எரிபொருளிலிருந்து வருவதல்ல, கல்லிலிருந்தே வருவது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். 100 கிலோ கல்லைச் சூளையில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் புகைபோக்கியில் போய்விடும். நெருப்பு எதில் எரிந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஆலையின் மொத்தக் கார்பனில் ஏறக்குறைய 60 சதவீதம் இப்படிக் கல்லுக்குள்ளிருந்து வருகிறது.

அப்படிச் சுட்டுக் கிடைக்கும் கரடுமுரடான உருண்டைக்குப் பெயர் கிளிங்கர். அதைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சாதாரண சிமெண்ட். ஆகவே ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கிளிங்கரை எவ்வளவு குறைத்தாலும் கான்கிரீட் நிற்கும்?

இதற்கு நம் கல்லூரிகள் கண்டுபிடித்தது ஏதாவது உண்டா?

உண்டு, பெயர் எல்சி3. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்த சிமெண்ட் அது. ஆனால் நாம் மட்டும் கண்டுபிடித்தது என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தின் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவின் லாஸ் வில்லாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ மார்திரேனா, இவர்களோடு டெல்லி, மும்பை, சென்னை ஐஐடிக்களும் சேர்ந்து பல வருடம் உழைத்த வேலை இது.

பக்குவம் இப்படி: கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. கிளிங்கருக்குச் சூளை 1,450 டிகிரி வரை ஏற வேண்டும். களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி போதும். களிமண்ணைச் சுடும்போது வெளியேறுவது தண்ணீர்தான், கார்பன் அல்ல. சுண்ணாம்புக்கல்லைச் சுடாமல் தூளாகவே போடுவதால் அதன் கார்பன் கல்லுக்குள்ளேயே கிடக்கிறது. எல்லாம் சேர்ந்து 30 முதல் 40 சதவீதம் வரை கார்பன் குறைகிறது.

களிமண்ணும் பீங்கான் செய்கிற உயர்ரகமாக இருக்க வேண்டியதில்லை. கயோலின் என்ற வெள்ளைக் களி அதில் 40 சதவீதம் இருந்தாலே போதும். பீங்கான் ஆலைக்கு ஆகாது என்று சுரங்க ஓரத்தில் குவித்துவைத்திருக்கும் மண்ணே இதற்கு ஆகும்.

சென்னை ஐஐடியின் சிவில் துறை இதில் முக்கியமாகப் பார்த்தது ஆயுள் விஷயத்தை. கடற்கரை ஊர்களில் உப்பு உள்ளே ஊறிக் கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்சி3 கான்கிரீட்டில் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் உப்பு உள்ளே போவது நன்றாகவே குறைகிறது. குறையும் உண்டு. கலக்கும்போது இதற்குத் தண்ணீர்த் தேவை கூடும், சீக்கிரம் இறுகத் தொடங்கும். அதனால் இளக வைக்கும் கெமிக்கலைச் சரியான அளவில் போடத் தெரிந்திருக்க வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஊறுவதைத் தடுப்பதிலும் சாதாரண சிமெண்ட்டைவிடக் கொஞ்சம் பின்தங்குகிறது. கான்கிரீட் போட்ட பின் தண்ணீர் விடுவதில் கஞ்சத்தனம் காட்டினால் அந்தக் குறை பெரிதாகிவிடும்.

சரி, கடையில் கேட்டால் கிடைக்குமா?

இந்தியத் தர நிர்ணயம் 2023இல் வந்துவிட்டது. ஐஎஸ் 18189 என்பது அதன் எண். ஆனாலும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் என்கிற நிலை இன்னும் வரவில்லை. அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பிபிசி என்று மூட்டையில் போட்டிருக்குமே, அதில் அனல்மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை ஏற்கெனவே கலந்திருக்கிறது. அந்த அளவுக்குக் கிளிங்கர் குறைவு, கார்பன் குறைவு, பெரும்பாலும் விலையும் குறைவு.

“ஓபிசி 53 தான் சார் ஸ்ட்ராங்கு” என்று மேஸ்திரி சொல்வார். ஓபிசி என்பது சாம்பல் எதுவும் கலக்காத சாதாரண சிமெண்ட். மேஸ்திரி பார்ப்பது மூன்றாம் நாள் பலத்தை. சீக்கிரம் இறுகினால் சீக்கிரம் பலகை பிரிக்கலாம், அடுத்த சைட்டுக்குப் போகலாம். பிபிசி மெதுவாகத்தான் பலம் ஏறும், போகப்போக ஈடுகட்டிவிடும். ஓபிசிக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும் என்றால் இதற்கு 10 நாள். அந்த மூன்று நாளைக் கொடுக்கத் தயாராக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

இந்த ஆய்வெல்லாம் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்சு வந்த பிறகு ஆரம்பித்ததுதானே?

இல்லை. 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.கே.என். ரெட்டி ‘அஸ்திரா’ என்ற பிரிவைத் தொடங்கினார். அறிவியலும் தொழில்நுட்பமும் கிராமத்துக்கு எப்படிப் பயன்படும் என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அப்போது யாருக்கும் கார்பன் கவலை இல்லை, விறகுக் கவலைதான். செங்கல் சூளைக்கு எவ்வளவு மரம் போகிறது, சிமெண்ட்டுக்கும் இரும்புக்கும் காத்திருக்காமல் ஏழை எப்படி வீடு கட்டுவது என்பவைதான் கேள்விகள். அங்கே கே.எஸ். ஜகதீஷ், பி.வி. வெங்கடராம ரெட்டி ஆகியோர் கையால் அழுத்தும் இயந்திரத்தில் மண் கல் செய்வதைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள்.

அவர்கள் இருவரும் 2003இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இன்றும் இந்தத் துறைக்கு வருகிற மாணவர் முதலில் படிக்கிற ஒன்று. கட்டடத்தில் ஒரு சதுர மீட்டருக்குப் பொருள்கள் வழியாக எவ்வளவு ஆற்றல் போகிறது என்று கணக்கிட்டார்கள். பில்லர் போட்டு, இடையில் செங்கல் அடைத்த பல மாடிக் கட்டடத்துக்கு 4.21 கிகாஜூல். சுவரே தளத்தைத் தாங்கும் இரண்டு மாடிச் செங்கல் வீட்டுக்கு 2.92. அதே இரண்டு மாடியை மண் கல்லாலும் ஃபில்லர் தளத்தாலும் (அடிப்பகுதியில் ஓடு போன்றவற்றைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைக்கும் தளம்) கட்டினால் 1.61. முதலாவதோடு ஒப்பிட்டால் 62 சதவீதம் மிச்சம்.

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதற்கிடையில் நம் தெருக்களில் தரைத்தளத்தோடு நிற்கப்போகிற வீட்டுக்குக்கூடப் பில்லர் போடுவது வழக்கமாகிவிட்டது. “நாளைக்கு மேலே இரண்டு மாடி எழுப்பலாம்” என்பதற்காகத் துருப்பிடித்த கம்பிகள் மொட்டைமாடியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

மண் கல் நம்மூர் மழைக்குத் தாங்குமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டித்தே சொல்கிறேன்.

இது குடிசைச் சுவர் மண் அல்ல. மண்ணைச் சலித்து, 5 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து, இலேசாக ஈரப்படுத்தி, இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. சூளை கிடையாது. நிழலில் அடுக்கி, மூடி, ஈரம் காயாமல் 28 நாள் வைக்க வேண்டும். புதுச்சேரி பக்கத்தில் ஆரோவில் போனால் இதில் கட்டிய கட்டடங்களைத் தொட்டே பார்க்கலாம். ஆரோவில் புவி நிறுவனம் 1989 முதல் இதையே முழுநேரமாகச் செய்கிறது. அங்கே ஆர்கிடெக்ட்டுகளும் கொத்தனார்களும் வந்து பயிற்சி எடுத்துப் போகிறார்கள். அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு 1992இல், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருது கிடைத்தது. புயல் மழையெல்லாம் பார்த்துவிட்டு இன்றும் நிற்கிறது.

தோற்ற இடங்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் மண். களி 10 முதல் 16 சதவீதம், மீதி பெரும்பாலும் மணல் என்றிருக்கும் மண் வேண்டும். செம்மண் பூமியில் இது எளிது. கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும். அதை அப்படியே சிமெண்ட்டோடு கலந்தால் காசு வீண். மணல் நிறையச் சேர்க்க வேண்டும், அல்லது சிமெண்ட்டுக்குப் பதில் சுண்ணாம்புக்குப் போக வேண்டும். மேல்மண்ணும் ஆகாது, அதில் வேரும் சருகும் கிடக்கும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் அடியில் மணல், மேலே வண்டல், அதற்கும் மேலே களி என்று அடுக்காகப் படியும். இது தோராயம்தான். நிஜமாகக் கட்டப்போகிறீர்கள் என்றால் மண்ணைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் அடித்தளத்தைச் செங்கல்லிலோ கருங்கல்லிலோ ஓரடிக்கு மேல் உயர்த்துவது, கூரையை வெளியே நீட்டுவது, குளியலறைச் சுவருக்கு வேறு கல் போடுவது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு “மண் வீடு கரைந்துவிட்டது” என்று சொல்வதில் நியாயமில்லை.

எங்காவது அதிகாரி மறுத்தால் மண் கல்லுக்கு ஐஎஸ் 1725 என்ற தரமே இருக்கிறது என்று காட்டலாம். 1982இலும் மறுபடி 2013இலும் திருத்தப்பட்ட பழைய தரம் அது.

இலங்கையிலும் இதே பாதையில் மொரட்டுவைப் பல்கலைக்கழகம் நிறையச் செய்திருக்கிறது. அழுத்திய மண் கல், இடித்துக் கெட்டித்த மண் சுவர், மண்ணையே ஜல்லியும் மணலுமாகப் பயன்படுத்தி வார்க்கும் ‘மட் கான்கிரீட்’ கல் என்று மூன்று வகையிலும் ஆய்வு நடந்திருக்கிறது.

ஏசி இல்லாமல் இருக்க முடியுமா? இதிலும் ஆய்வு உண்டா?

இதில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் செய்த வேலை எனக்கு மிகப் பிடித்தது. அலுவலகங்களில் எத்தனை டிகிரி வைக்கலாம் என்பதற்கு உலகம் நம்பியிருந்த சூத்திரம், 1970இல் டென்மார்க்கின் ஃபாங்கர் வகுத்தது. ஆய்வுக்கூட அறையில் ஆட்களை உட்காரவைத்து, குளிருகிறதா புழுங்குகிறதா என்று கேட்டு உருவாக்கியது. அந்த அறைக்குள் உட்கார்ந்தவர்கள் மே மாதச் சென்னையைப் பார்த்தவர்கள் அல்லர்.

செப்ட் ஆய்வாளர்கள் சென்னை, பெங்களூரு, அகமதாபாத், டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களில் 16 அலுவலகங்களுக்குப் போனார்கள். மூன்று பருவங்களில், வேலை செய்துகொண்டிருந்தவர்களிடமே கேட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள் சேர்ந்தன. இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடத்தில் நம்மவர்களுக்கு இதமான வெப்பநிலை வெளி வெப்பத்தோடு சேர்ந்து நகர்கிறது என்று தெரியவந்தது. வெளியே 30 நாள் சராசரி 30 டிகிரி என்றால், உள்ளே ஏறக்குறைய 29 டிகிரியே இதமாகப் படுகிறது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால். 22இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காரும் அலுவலகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இந்த இந்திய முறை இடம்பெற்றுவிட்டது. 2020 ஜனவரி முதல் விற்கும் ஏசிக்கள் தொடக்கத்தில் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்று விதி வந்ததும் இதே காலத்தில்தான்.

பாட்டி வீடு குளுகுளுவென்று இருந்ததே, அதையே கட்டினால் போதாதா?

எந்த ஊர்ப் பாட்டி என்பதைப் பொறுத்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் நாகப்பட்டினம் கடலோரத்துப் பழைய வீடுகளை அளந்து 2012இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கோழிக்கோடு என்ஐடி ஆய்வாளர்கள் கேரள நாலுகெட்டு வீடுகளில் இதையே செய்தார்கள். பழைய வீடுகள் சூழலை நன்றாகவே கையாள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் காரணம் ஊருக்கு ஊர் வேறு.

செட்டிநாடு வறண்ட பூமி. அங்கே தடித்த சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது, இரவில் காற்று ஆறுவதால் சுவரும் ஆறிவிடுகிறது. நாகையிலும் சென்னையிலும் இரவுக்கும் பகலுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு, ஈரப்பதம் அதிகம். அங்கே தடித்த சுவர் கட்டினால் இரவு பத்து மணிக்கும் அது சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். கடலோரத்தில் வேலை செய்வது நிழலும் குறுக்குக் காற்றும். முற்றம் வைத்தால் அழகாக இருக்கிறது என்று அபார்ட்மெண்ட் வில்லாக்களில் கண்ணாடி மூடிய முற்றம் வைக்கிறார்கள். அது முற்றம் அல்ல, அடுப்பு.

பி.ஆர்க் எடுப்பதா, பி.இ. சிவில் எடுப்பதா?

வெயிலும் காற்றும் மனிதர்களும் ஒரு இடத்தில் எப்படி நடமாடுகிறார்கள் என்பதில் ஆசை இருந்தால் பி.ஆர்க். ஐந்து வருடம், நாட்டா நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். என்ஐடிக்களில் சேர ஜேஇஇ மெயினின் இரண்டாம் தாள். சிமெண்ட், மண், கம்பி, வேதியியல் பக்கம் மனசு போனால் சிவில். எது எடுத்தாலும் இளநிலையில் இந்தப் பாடம் ஒன்றிரண்டு தாளாகத்தான் வரும். ஆழம் முதுநிலையில்தான்.

திருச்சி என்ஐடியில் ஆற்றல் சிக்கனமும் நிலைத்த தன்மையும் கொண்ட கட்டடக்கலை என்றே தனி எம்.ஆர்க் இருக்கிறது. செப்ட்டில் கட்டட ஆற்றல் செயல்திறனுக்குத் தனி எம்.டெக். சென்னை ஐஐடியில் கட்டடத் தொழில்நுட்பம், கட்டுமான மேலாண்மை இரண்டும் சேர்ந்த பிரிவில் பொருள் சார்ந்த ஆய்வு வலுவானது. கார்பன் குறைந்த, விரயம் குறைந்த கட்டுமானத்துக்கு என்றே அங்கு ஒரு மையமும் நடக்கிறது. பெங்களூருவில் அஸ்திரா இன்று நிலைத்த தொழில்நுட்பங்களுக்கான மையமாகத் தொடர்கிறது. கேட் தேர்வு எழுதி எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்பதைப் பெற்றோர் கவனிக்க.

காசு செலவழிக்கும் முன் ஆர்வம் உண்மையானதா என்று பார்க்க வேண்டுமா? என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கட்டடத்தின் வெப்பத்தையும் ஆற்றலையும் கணக்கிடும் எனர்ஜிபிளஸ் என்ற மென்பொருளும் இலவசம். உங்கள் வீட்டின் விவரங்களையே அதில் கொடுத்து, மேற்கு ஜன்னலை மூடினால் அறை எத்தனை டிகிரி குறைகிறது என்று பையன் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றாவது நாள் அலுத்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

படிக்கும்போது நிஜமாகக் கட்டிப்பார்க்க வாய்ப்பு கிடைக்குமா?

கிடைக்கும் இடங்கள் குறைவு. சோலார் டெகத்லான் என்ற போட்டி 2002இல் அமெரிக்காவில் தொடங்கியது. மாணவர் அணிகள் வெயிலில் மட்டுமே ஓடும் வீட்டைக் கட்டிக் காட்ட வேண்டும். மும்பை ஐஐடி அணி 2014இல் பிரான்சின் வெர்சாய் வரை போய்க் கட்டியது. 2020 முதல் இந்தியாவிலும் தனிப் போட்டி நடக்கிறது. இங்கே அணிகள் உண்மையான கட்டுநர் ஒருவரோடு சேர்ந்து, அவர் நிஜமாகக் கட்டப்போகும் திட்டத்துக்கு வடிவமைப்புக் கொடுக்க வேண்டும். ஆர்கிடெக்சர், சிவில், மெக்கானிக்கல் மாணவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவது கல்லூரிக் காலத்தில் அநேகமாக இங்கேதான் நடக்கும். அதற்காகவே சேரலாம்.

சென்னை ஐஐடி வளாகத்தில் 2013இல் ஜிப்சம் பலகைகளைக் கொண்டு நான்கு வீடுகள் கொண்ட இரண்டு மாடிக் கட்டடம் ஒரே மாதத்தில் எழுந்தது. உர ஆலைக் கழிவான ஜிப்சத்தில் கண்ணாடி இழை சேர்த்துச் செய்த பலகைகள் அவை.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ‘கார்பன் இன்ஜினியர்’ என்று பலகை மாட்டிய வேலை எதிர்பார்க்காதீர்கள். கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப்பார்க்கும் ஆலோசனை நிறுவனங்கள், சிமெண்ட் ஆலைகளின் ஆய்வுப் பிரிவுகள், பெரிய கட்டுமான நிறுவனங்கள் ஆகியவை எடுக்கின்றன. மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு நடத்தும் ஆற்றல் தணிக்கையாளர் தேர்வு எழுதி அந்தப் பக்கம் போகிறவர்களும் உண்டு. அந்த அமைப்பு 2018இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற வீடுகளுக்கான ஆற்றல் விதித்தொகுப்பு, குடியிருப்புச் சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. இந்த மாதிரி விதிகள் கட்டாயமாகும் மாநிலங்களில் கணக்குப் போடத் தெரிந்த ஆள் தேவைப்படுவார்.

பசுமைச் சான்றிதழ் வாங்கிய கட்டடம் என்றால் நம்பலாமா?

ஐஜிபிசி, கிரிஹா, லீட் மூன்றும் நல்ல நோக்கத்தில் வந்தவை. ஹைதராபாத்தில் 2003இல் லீட்டின் உச்சத் தரமான பிளாட்டினம் வாங்கிய கட்டடம், அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரம் பெற்ற முதல் கட்டடம். ஆனால் பல சான்றிதழ்கள் வரைபடத்தையும் கணிப்பையும் பார்த்துக் கொடுக்கப்படுபவை. ஐந்து வருடம் கழித்துக் கரண்ட் பில் என்ன சொல்கிறது என்பது வேறு விஷயம். மேற்கு முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடத்தின் வாசலில் பசுமைப் பலகை தொங்கினால், நான் முதலில் ஒரு வருட மீட்டர் கணக்கைத்தான் கேட்பேன்.

வெளிநாட்டில் மரத்திலேயே பதினெட்டு மாடி கட்டுகிறார்களாமே?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2017இல் திறந்த மாணவர் விடுதி அது. நானூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்குகிறார்கள். மரச்சட்டகம் 70 நாளுக்குள் எழுந்தது. பக்கத்திலேயே காடு இருக்கிற ஊருக்கு அது அற்புதமான வழி. நாம் தேக்கையே வெளியிலிருந்து இறக்குமதி செய்து ஜன்னல் போடுகிறவர்கள். நமக்குப் பக்கத்தில் கிடப்பது மண்ணும் சாம்பலும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் யாரும் இப்படிக் கட்டுவதில்லை?

கொத்தனாருக்குத் தெரியாது என்று சொல்லிவிடுவது சுலபம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற சுவர் கட்டும் முறையைப் பரப்பினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் முறை. செங்கல் கால்வாசி மிச்சம், சுவருக்குள் காற்று இருப்பதால் வெப்பமும் குறைவு. அதைக் கற்றுக்கொடுத்தவுடன் அங்கே கொத்தனார்கள் கட்டினார்கள். கையில் திறமை இல்லாமல் இல்லை.

கூலிக் கணக்கில்தான் சிக்கல். காண்ட்ராக்டர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார். சிமெண்ட்டை மிச்சம் பிடித்தால் லாபம் அவருக்கு. ஆனால் புது முறைக்கு நாள் கூடினால் நஷ்டமும் அவருக்குத்தான். சந்தேகமாக இருந்தால் இரண்டு கம்பி கூடப் போட்டுவிடுகிறார். டிசைன் செய்யும் இன்ஜினியரும் அப்படியே. கம்பி கூடிவிட்டது என்று அவரை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். கல்லூரியில் நாம் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு குறைத்தாலும் நிற்கும் என்று. சைட்டில் எல்லோரும் கேட்பது எவ்வளவு போட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று. கூலியையும் பொறுப்பையும் பிரித்துப் பேசாத ஒப்பந்தத்தில் எந்த ஆய்வுக் கட்டுரையும் உள்ளே நுழையாது.

இந்த மாதம் அஸ்திவாரம் போடுகிறேன். என்ன செய்யட்டும்?

முதலில் வீட்டைச் சின்னதாக்குங்கள். யாரும் தங்காத ஒரு விருந்தினர் அறையை எடுத்துவிட்டால் மிச்சமாகும் சிமெண்ட்டை எந்த நவீனக் கலவையாலும் மிச்சம் பிடிக்க முடியாது. இரண்டு மாடிக்கு மேல் போகப்போவதில்லை என்றால் பில்லர் இல்லாமல் முடியுமா என்று இன்ஜினியரிடம் கேளுங்கள். நிலநடுக்கத்துக்காகச் சுவரைச் சுற்றிப் போடும் கான்கிரீட் பட்டைகளை மட்டும் தவிர்க்கச் சொல்லாதீர்கள். சிமெண்ட் பிபிசி. மேற்குப் பக்கம் படுக்கையறை வேண்டாம். மாலை வெயில் தாழ்வாக வரும் என்பதால் எந்த சன்ஷேடும் அதை மறைக்காது. அங்கே மாடிப்படி, குளியலறை, சாமான் அறை போடுங்கள். தெற்குச் சுவருக்குச் சின்ன சன்ஷேடே போதும். வடக்கையும் மறந்துவிடாதீர்கள், மே முதல் ஜூலை வரை நம்மூரில் சூரியன் உச்சிக்கு வடக்கேதான் நிற்கிறது.

ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டேனே?

அப்படியென்றால் மொட்டைமாடிக்குப் போங்கள். ஒற்றை மாடி வீட்டில் அதிக வெப்பம் இறங்குவது அந்த வழியாகத்தான். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். கையில் காசு இல்லை என்றால் பங்குனி பிறக்கும் முன் இரண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். மழையில் கரைந்துபோகும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் நீர்க்கசிவு இருக்கும் வெடிப்புகளை அடைத்துவிடுங்கள், தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் எட்டிப் பாருங்கள்.